குளத்துப் படத்தில் இடப்பக்கம்

அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை "நகந்துக்குங்க" என்பதுதான். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என் தையல் கடைக்கும் அவர் போட்டோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். காலையில் கடை திறந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரையாவது நகரச் சொல்லிக்கொண்டே இருப்பார். "யம்மா, அந்தக் கொடையை எடுத்துருங்க. அண்ணே, நீங்க கொஞ்சம் நகந்துக்குங்க. தம்பி, நீ யாரு? மாப்பிள்ளைக்குச் சொந்தமா? ரொம்ப சந்தோஷம், நகந்துக்க."

படத்தில் வேண்டாதது எதுவும் இருக்கக் கூடாது. அவருக்கு இருந்த கொள்கை இது ஒன்றுதான். சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை, கட்சிக் கொடி பிடித்தும் பார்த்ததில்லை. அறுபத்தேழு எலெக்‌ஷனில் ஊரே ரெண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் ஸ்டுடியோவின் பின்திரையில் ஒட்டியிருந்த ஒரு ஈயை விரட்டிக்கொண்டிருந்தார்.

இந்தப் பழக்கம் ஒரு தாயை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஆளைப் பற்றிச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் அவரை ஏதோ கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படியெல்லாம் இல்லை. ஒல்லியான ஆள். கேமரா வாரை மாட்டி மாட்டி இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவருக்குச் சட்டை வெட்டும்போது அந்தத் தோளுக்கு நான் தனி அளவு வைத்திருந்தேன். யாரிடமும் குரலை உயர்த்திப் பேச மாட்டார். நகரச் சொல்வதைக்கூட மருந்து கொடுக்கிற மாதிரி பக்குவமாகத்தான் சொல்வார். எதிராளிக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கல்யாணம். நான்தான் மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்தேன், அதனால் பந்திக்குப் போயிருந்தேன். தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள். பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன், மீசையை முறுக்கிக்கொண்டு. இவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "ஐயா, நீங்க நகந்துக்குங்க" என்றார்.

"யாரை நகரச் சொல்ற? நான் தாய்மாமன்யா."

"தெரியுதுங்க. உங்களுக்குத் தனியா ஒண்ணு எடுத்துத் தரேன். இது இவங்க ரெண்டு பேரு படங்க."

அவ்வளவுதான். மாமன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டு இறங்கிவிட்டார். அவரைக் கையைப் பிடித்து, காலைப் பிடித்துத் திரும்ப அழைத்து வருவதற்குள் சாம்பார் ஆறிப்போனது. அத்தனை களேபரத்திலும் இவர் ஒரு ஓரமாக நின்று அந்த ரெண்டு பேரையும் எடுத்து முடித்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, படம் அப்படி வந்தது. அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு அழகான முகம் என்று அவளைப் பெற்றவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

என்னையும் ஒருமுறை எடுத்தார். தையல் மிஷினோடு நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று எனக்கு ஆசை. வந்தார், பார்த்தார். தரையில் கிடந்த வெட்டுத்துணியைக் கூட்டச் சொன்னார். கொடியில் தொங்கிய பாவாடைகளை எடுக்கச் சொன்னார். கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றச் சொன்னார். கத்தரியைக் கீழே வைக்கச் சொன்னார். "இன்னும் நான் ஒருத்தன்தான் பாக்கி, நானும் நகந்துக்கட்டுங்களா சார்?" என்று கேட்டேன். அதற்குச் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "இல்ல டெய்லரே, நீங்க இருங்க" என்றார்.

சாவு வீட்டுப் படங்களுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ள நேரம் வாய்க்காது. செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, பாடை கட்டி முடிப்பதற்குள் ஒரு படம். கருமாதி அன்றைக்குப் படையலுக்கு முன்னால் வைத்துப் பொட்டிட்டு மாலை போட அது வேண்டும். ஒரு வீட்டில், உட்காரவைத்த அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு தங்கச்சிக்காரி அழுதுகொண்டிருந்தாள். இவர் குனிந்து மெதுவாக, "கையை மட்டும் எடுத்துக்கம்மா" என்றார். திரும்பி வரும் வழியில் நான் கேட்டே விட்டேன். பிணத்துக்கிட்டயாவது சும்மா இருக்கக் கூடாதா சார் என்று.

"செத்தவருக்கு இது ஒண்ணுதான் படம், டெய்லரே. அதுல இன்னொருத்தர் கை இருந்தா, ஜென்மத்துக்கும் அந்தக் கையைத்தான் பாப்பாங்க" என்றார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் அப்போது பட்டது.

ஆனால் கல்யாணமும் சாவும் அவருக்குச் சோற்றுக்கு. அவர் மனசெல்லாம் குளத்தில் கிடந்தது.

பீங்கான் சாமான் செய்கிற செராமிக் எஸ்டேட்டுக்காக ஊருக்கு வெளியே மண் வெட்டி எடுத்த பள்ளம் ஒன்று. ரெண்டு மழையில் நிரம்பியது, அப்புறம் வற்றவேயில்லை. அல்லி முளைத்தது, சம்புக்கோரை முளைத்தது, பின்னாலேயே பறவைகள் வந்தன. ஊர்க்காரர்களுக்கு அது எருமை குளிப்பாட்டவும் காலையில் ஒதுங்கவும் ஆன இடம். அவருக்கு அது வேறு. விடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். வெயில் சுள்ளென்று ஏறிய பிறகுதான் வந்து ஸ்டுடியோவைத் திறப்பார், வேட்டி முழங்கால் வரைக்கும் சேறாக. வந்ததும் என்னிடம் ஒப்பித்தாக வேண்டும். முக்குளிப்பான் முட்டையை விட்டு இறங்கும்போது ஈரத் தழையை இழுத்து மூடிவிட்டுப் போகுமாம். தண்ணிப்பாம்பு ஒரு தவளையைப் பின்னங்காலில் பிடித்துக்கொண்டு விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கிடந்ததாம். நான் காஜா எடுத்துக்கொண்டே ஊம் கொட்டுவேன். எனக்கு அதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். கோழி என்றால் எனக்குக் குழம்புதான்.

அவருடைய கேமரா, மேலே இருக்கிற கண்ணாடியில் குனிந்து பார்க்கிற பெட்டி. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டாது. பறவை பக்கத்தில் வந்தால்தான் படம். ஆளைக் கண்டால் பறவை வராது. அதற்கு நான்தான் வழி செய்து கொடுத்தேன். ஃபேக்டரியில் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, கித்தான் துணிக்குள் விட்டு, மிஷினில் அழுத்திப் பிழிவார்கள். பிரஸ் துணி என்பார்கள். அதற்கு ஓரம் அடித்துக் கொடுப்பது என் வேலை. கிழிந்து கழித்துப் போட்ட பிரஸ் துணிகளைச் சேர்த்து ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குக் கூண்டு மாதிரி தைத்துக் கொடுத்தேன். முன்னால் கேமராவுக்கு ஒரு ஓட்டை, பக்கவாட்டில் கை விட ஒரு கீறல். துணி முழுக்க மண் ஏறிக் கரையின் நிறமாகவே இருந்ததால், குளத்தங்கரையில் அதை நட்டுவைத்து உள்ளே போய் உட்கார்ந்தால் பத்தடியில் நிற்கிறவனுக்கும் ஒரு பழைய மூட்டையாகத்தான் தெரியும். கொஞ்ச நாளில் மீன்கொத்தி அதன்மேலேயே வந்து உட்கார ஆரம்பித்தது.

பறவைக்கு வழி பண்ணியாயிற்று. வசந்தாவுக்கு வழி பண்ண முடியவில்லை.

வசந்தா, அஞ்சலை என்பவளின் மகள். தாயும் மகளும் ஒரு அண்ணனுமாக எஸ்டேட்டுக்குப் பின்னால் குடியிருந்தார்கள். அந்தப் பிரஸ் துணிகளைக் குளத்தில் அலசிக் கொடுக்கிற வேலை வசந்தாவுக்கு. காலையில் அவள், சாயங்காலம் வேறு ஆட்கள். கூண்டுக்கு இடப்பக்கம் ஒரு கருங்கல், அதில்தான் அடிப்பாள். ஒவ்வொரு அடிக்கும் குளம் முழுக்க வளையம் வளையமாகப் பரவும். பறவைகள் பறந்து போகாது. அவளை அவற்றுக்குப் பழக்கம். ஆனால் தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, அவள் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்க்கும். அதோடு அவருக்குப் படம் போச்சு. கழுத்து விறைத்த பறவை, கலங்கின தண்ணீர். வீணாப்போனது என்று அந்த நெகட்டிவ்களைத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார்.

கூண்டுக்குள்ளிருந்து சத்தம் போட முடியாது. அதனால் கீறல் வழியே கையை மட்டும் வெளியே விட்டு, நகர்ந்து போ என்று காட்டுவார். அந்தப் பெட்டிக் கேமராவில் இடம் வலமாகத் தெரியும், வலம் இடமாகத் தெரியும். நிதானமாக இருந்தால் அவருக்கா தெரியாது? அவசரத்தில் கண்ணாடியில் பார்த்த பக்கமே கையைக் காட்டிவிடுவார். அவளும் அவர் காட்டிய பக்கமே நடந்து வந்து படத்துக்கு நட்ட நடுவில் நிற்பாள். அப்புறம் அவளே புரிந்துகொண்டாள். அந்தக் கை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் போனால் சரி.

துணிக்கட்டை என் கடையில் போட வரும்போது அவரைக் கண்டால் விட மாட்டாள்.

"போட்டோ சாரு, உங்க கோழிங்களுக்கு என்னை நல்லாத் தெரியும். உங்களைத்தான் தெரியாது. அதான் மூட்டைக்குள்ள பூந்துக்கறீங்க."

"நீ அரை மணி நேரம் கழிச்சு வந்தா என்னம்மா?"

"ஃபேக்டரிக்காரங்க கிட்ட நீங்க சொல்லுங்க. கோழி படம் புடிக்குது, துணி அப்புறமா வரும்னு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏண்ணே, ஊருல உள்ள கொக்கு குருவியெல்லாம் புடிக்கறாரு, என்னை ஒண்ணு புடிக்கக் கூடாதா?" என்றாள்.

"ஸ்டுடியோவுக்கு வா, நல்லா எடுத்துத் தரேன். குளத்துல வேணாம்" என்றார் அவர்.

"தீபாவளிக்குப் புதுப்பொடவை கட்டிகிட்டு வரேன். அப்ப நகரச் சொன்னீங்க, பாத்துக்குங்க."

அந்த வருஷம் ஆவணியில் அவர் ஒரே ஒரு படத்துக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தார். அல்லி இலை மேல் நடக்கிற இலைக்கோழி குஞ்சு பொரித்திருந்தது. ஆபத்து என்றால் அந்த ஆண்கோழி குஞ்சுகளை இறக்கைக்குள் அள்ளி இடுக்கிக்கொண்டு நடக்குமாம். குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே தொங்குமாம். "எத்தனை காலுள்ள கோழின்னு நெனப்பீங்க, டெய்லரே. அது கெடச்சா மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்பறேன். போட்டுத்தான் ஆவணும்" என்றார். ஒரு வாரமாகத் துணி அடிக்கிற சத்தம் இல்லை என்றும், குளம் தனக்கே தனக்கென்று கிடக்கிறது என்றும் சொன்னார். ஏன் சத்தம் இல்லை என்று அவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வசந்தா காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். அந்த வாரக் கடைசியில் ஒரு விடியற்காலை செத்துப்போனாள்.

நான் அப்போதுதான் கடையைத் திறந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் அண்ணன் சைக்கிளில் வந்து நின்றான். நீலச் சட்டை, நான் தைத்ததுதான். பூட்டின ஸ்டுடியோவைப் பார்த்தான். "வசந்தா செத்துப்பூட்டாண்ணே. போட்டோக்காரரு எங்க?" என்றான். அதை என்ன குரலில் சொன்னான் என்று எனக்கு நினைவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னான். குளத்தில் இருப்பார், போ என்றேன். போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "அங்க அவரு இல்லண்ணே" என்றான். கூண்டைப் பற்றி அவனுக்குச் சொல்ல எனக்கு அப்போது ஓடவில்லை. பாலக்கரைப் பக்கம் இருந்த இன்னொரு ஸ்டுடியோக்காரர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் கடையைச் சாத்திவிட்டு அவனோடு சாவு வீட்டுக்குப் போனேன்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். தலை சாயாமல் இருக்கப் பின்னால் ஒரு தலையணை. அஞ்சலை அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு, "போட்டோக்காரரு வரட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. பெரியவர்கள் கசமுசவென்று பேசினார்கள். ஒருவர் வந்து, "காச்சல்ல போன ஒடம்பு, வச்சிருக்கக் கூடாதும்மா" என்றார். "இந்தா வந்துருவாரு. எம்பொண்ணுக்கு ஒரு படம்கூட இல்லையே" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு தூக்கிவிட்டார்கள்.

நான் குளித்துவிட்டுக் கடைக்கு வந்தபோது அவர் ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் சேறு. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

"டெய்லரே, கெடச்சிருச்சு. குஞ்சு காலு தொங்குது. அப்படியே நின்னுது பாருங்க, தண்ணி கண்ணாடி மாதிரி."

நான் சொன்னேன். குளத்தில் துணி அலசுகிற பெண் செத்துப்போய்விட்டாள், பிணத்தைத் தூக்கியாகிவிட்டது, படம் எடுக்க உங்களைத் தேடினார்கள் என்று.

அவர் கேமரா வாரைத் தோளிலிருந்து கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்க அண்ணன் என்னா சட்டை போட்டிருந்தாரு?" என்று கேட்டார்.

"நீலம்."

"கரையில நீலச் சட்டை ஒண்ணு வந்து நின்னுது. கண்ணாடி ஓரத்துல தெரிஞ்சுது. அப்பதான் கோழி குஞ்சை அள்ளுது." அவர் தன் கையைப் பார்த்தார். "நான் கையைக் காட்டுனேன். போன்னு. போயிட்டாரு."

அண்ணன்காரன் பிறகு அவன் பங்கைச் சொன்னான். கரையில் யாரையும் காணவில்லை. ஒரு மண் மூட்டையிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து போ, போ என்றது. யாரோ மறைப்பு கட்டிக்கொண்டு ஒதுங்கியிருக்கிறார்கள், பார்க்கக் கூடாது என்று திரும்பிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கரையில் அதுதான் மரியாதை. அந்த மூட்டையைத் தைத்தவன் நான். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஒரு பையனுடைய டவுசருக்குப் பட்டன் தைத்தேன். அது ஞாபகம் இருக்கிறது.

கருமாதிக்கு நாள் நெருங்கியபோது அஞ்சலை ஸ்டுடியோவுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நானும் எழுந்து போனேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"சாமி, நீங்க தெனம் அங்கதான இருந்தீங்க. அவளும் தெனம் அங்கதான இருந்தா. எதுலயாவது ஒரு ஓரமா வுழுந்திருப்பா. பாத்துக் குடுங்க. படையலுக்கு வக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். எதிலும் அவள் இருக்க மாட்டாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும், "பாக்கறேம்மா" என்றார்.

அன்றைக்கு ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. வந்தவர்களை நான்தான் திருப்பி அனுப்பினேன். நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கையிலும் கொஞ்சம் கொடுத்தார். கொக்கு, நாமக்கோழி, ஆமை, சம்புத் தட்டை மேல் தட்டான். குஞ்சு கால் தொங்கும் அந்தப் படத்தையும் அன்றைக்குத்தான் கழுவினார். அதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இவ்வளவு சுத்தமாக ஒரு குளம் இருக்க முடியுமா என்று இருந்தது. ஒரு எருமை இல்லை, ஒரு குடம் இல்லை, ஒரு ஆளின் நிழல் இல்லை. எல்லாப் படத்திலும் அப்படித்தான். ஒரு சேலைத் தலைப்பாவது எங்காவது இருக்காதா என்று நான் தேடினேன். மனுஷன் எவ்வளவு கவனமாக அவளை விலக்கியிருக்கிறார் என்று நெகட்டிவ் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு உறைத்தது.

கடைசியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். வீணாப்போனவை. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அஞ்சலை வந்தாள். என் கடையில் துணி வெட்டுகிற மேஜைதான் பெரியது, அதில் அந்தப் படத்தை வைத்தார். ஈரம் முழுதும் காயவில்லை. அல்லி இலை மேல் ஒரு இலைக்கோழி. கழுத்தை நீட்டி, தலையைத் திருப்பி, படத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறது. தண்ணீரில் வளையங்கள்.

அஞ்சலை அதைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"கோழியைக் காட்டறீங்களே சாமி. நான் எம்பொண்ணைக் கேட்டா கோழியைக் காட்டறீங்களே."

"படத்துல அவங்க இல்லம்மா. நான்தான் நகரச் சொல்லிட்டேன். தெனமும் சொன்னேன். எதுலயும் இல்ல." பிறகு, "இது அவங்களைத்தான் பாக்குது" என்றார்.

"எது?"

"இந்தக் கோழி. துணி அடிக்கறப்ப அவங்களைத் திரும்பிப் பாக்கும். இந்தத் தண்ணி வளையம் இருக்குதுல்ல, இது அவங்க அடிச்சதும்மா."

அஞ்சலை குனிந்தாள். "எந்தப் பக்கம் நின்னா?"

அவர் கை வலப்பக்கம் போனது. பழக்கம். பாதியில் நின்றது. பிறகு இடப்பக்கம் வந்து, படத்தின் ஓரத்தைத் தொட்டு நின்றது.

அஞ்சலை ஒரு வளையத்தின் மேல் விரலை வைத்தாள். அதோடேயே விரலை நகர்த்திக்கொண்டு போனாள். அடுத்த வளையம், அதற்கு அடுத்தது. படம் முடிந்தது. விரல் நிற்கவில்லை. என் மேஜைப் பலகையில் இறங்கி இன்னும் கொஞ்சம் போய், ஒரு இடத்தில் நின்றது. அங்கே வெறும் பலகை, சாக்பீஸால் நான் கோடு போட்ட அழுக்கு.

"இங்கியா?"

"ஆமாம்மா. அங்கதான்."

அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அழவில்லை. "இந்தப் பக்கம் கொஞ்சம் எடம் வுட்டுக் குடுங்க சாமி" என்றாள். "நான் பொட்டு வக்கணும்ல."

அதன் பிறகும் அவர் குளத்துக்குப் போவதை விடவில்லை. விட்டுவிட்டார் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் விடவில்லை. கூண்டை மட்டும் எடுத்துப் போகவில்லை. கரையில் வெட்டவெளியில் உட்கார்ந்து எடுத்தார். யாரையும் நகரச் சொல்லவில்லை. எருமை மேய்க்கிறவன், பல் துலக்குகிற கிழவர், துணி அலசுகிற வேறு பெண்கள் எல்லாரும் அந்தப் படங்களில் இருந்தார்கள். பறவை எங்கோ மூலையில் புள்ளியாக இருக்கும். மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்பினார், திரும்பி வந்தது. இதில் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்றார்களாம். கல்யாண வீடுகளிலும் அப்படியே ஆகிவிட்டார். கூட்டம் கூட்டமாக வந்து பெண்ணை மறைத்துக்கொண்டு நிற்பார்கள், இவர் பேசாமல் எடுப்பார். நல்லா இல்லை என்று ஆட்கள் பாலக்கரை ஸ்டுடியோவுக்குப் போக ஆரம்பித்தார்கள். "சொல்லுங்களேன் சார், நகரச் சொல்லுங்களேன்" என்று நானே கெஞ்சியிருக்கிறேன். "இருக்கட்டும் டெய்லரே" என்பார். எழுபதுகளின் நடுவில் ஸ்டுடியோவைக் காலி செய்துகொண்டு சேத்தியாத்தோப்புப் பக்கம் போனார். பிறகு எனக்குத் தகவல் இல்லை.

கருமாதி அன்றைக்கு நானும் அவரும் சேர்ந்துதான் போனோம். படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோனோம். பெரிய தாளில், வலப்பக்கம் குளம். இடப்பக்கம், ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் வெள்ளை. கண்ணாடிக்கடைக்காரன் அதை வெட்டிவிடட்டுமா என்று ரெண்டு தடவை கேட்டான். ரெண்டு தடவையும் அவர் வேண்டாம் என்றார்.

படையல் போட்டு, விளக்கேற்றி, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவள் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி. யாரோ ஒருவர் கேட்க வாயெடுத்தார், அண்ணன்காரன் முறைத்ததும் அடங்கிவிட்டார். அஞ்சலை சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கோழியைத் தொடவில்லை. தண்ணீரைத் தொடவில்லை. வெள்ளையின் மேல் கண்ணாடியில், நின்றால் நெற்றி வருகிற உயரத்தைப் பார்த்து, கொஞ்சம் மேலே, இல்லை, கொஞ்சம் கீழே என்று விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஒரு இடத்தில் சந்தனத்தை வைத்தாள். அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

அந்தக் கோழி பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பொட்டைத்தான்.